ஊருக்கு ரேடியோவோடு போகும் ஹாம்களுக்கு: உரிமமும் நிபந்தனைகளும்

வெளிநாட்டில் அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காகக் காற்றலையில் பிறரோடு பேசும் ஹாம் ரேடியோ) உரிமம் எடுத்தவர்கள் பலர், ஊருக்குக் கிளம்பும்போது ஹேண்டி என்ற கையடக்க ரேடியோவையும் துணிகளோடு பெட்டியில் போட்டுக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. செப்ட் என்ற ஐரோப்பிய அமைப்பின் உடன்பாட்டில் சேர்ந்த நாடு என்றால், கால் சைனுக்கு (ஹாமின் அழைப்புப் பெயருக்கு) முன்னால் அந்த நாட்டின் எழுத்தைச் சேர்த்துப் பேசினால் போதும். இந்தியா அந்த உடன்பாட்டில் இல்லை. ஆகவே சென்னையிலோ திருச்சியிலோ இறங்கியதும் அந்த உரிமம் செல்லாது. பேசாமல் கேட்க மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்வதும் உதவாது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் சரி, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் சரி, கருவியை வைத்திருப்பதற்கே அனுமதி கேட்கின்றன.

முதலில் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் நீங்கள் இந்தியக் குடிமகன். ஊரில் இருப்பவர் போலவே தேர்வு எழுதி உரிமம் எடுக்கலாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும் என்றால் நீங்கள் வெளிநாட்டவர்தான். ஓ.சி.ஐ. குடியுரிமை ஆகாது. அப்போது உங்கள் நாட்டுக்கும் இந்தியாவுக்கும் பரஸ்பர ஏற்பாடு இருந்தால்தான் வழி திறக்கும். குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் குடிமக்களுக்கான விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்.

உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு, டெல்லி சஞ்சார் பவன். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். இப்போது இருப்பது இரண்டு நிலைகள். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு அடிப்படை ரேடியோ அறிவும் விதிகளும் தெரிந்தால் போதும், மோர்ஸ் (புள்ளி-கோட்டுத் தந்திக் குறியீடு) வேண்டாம். கால் சைன் வி.யூ.3 என்று தொடங்கும். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும், அதற்கு வி.யூ.2. உலக அளவில் மோர்ஸ் கட்டாயத்தை 2003 உலக வானொலித் தொடர்பு மாநாடு விலக்கிவிட்டது, பல நாடுகள் தேர்விலிருந்தே எடுத்துவிட்டன. இந்தியா ஜெனரலுக்கு அதை விடவில்லை. குறைந்த வயது 12. குடிமக்களுக்கு 20 ஆண்டு உரிமம் 1,000 ரூபாய், ஆயுள் உரிமம் 2,000 ரூபாய்.

பணம் ஒரு பொருட்டே இல்லை, காலம்தான் சிக்கல். விண்ணப்பம் பாதுகாப்புச் சரிபார்ப்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். மூன்று வார விடுமுறையில் வந்து இறங்கிவிட்டு விண்ணப்பித்தால் எதுவும் நடக்காது. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே தொடங்குங்கள். நம்மவர்களுக்கே உரிய தடங்கல் ஒன்றும் உண்டு: பெயர். ஊர் ஆவணத்தில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், பாஸ்போர்ட்டில் விரிந்திருக்கும், வெளிநாட்டு உரிமத்தில் குடும்பப் பெயராக முன்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒருவரே என்று காட்ட, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். வெளிநாட்டு உரிமத்தையும் முன்கூட்டியே அதே வடிவத்துக்குத் திருத்திக்கொள்ளுங்கள். கருவியை உள்ளே கொண்டுவருவது இன்னொரு தனி விஷயம். இறக்குமதி அனுமதியையும் டபிள்யூ.பி.சி.தான் கையாள்கிறது. எந்த மாடல், எந்தத் தொடர் எண் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையோடு வைத்திருங்கள். சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்க் காட்டிவிடுவதே நல்லது. தூரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களும், சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் அமெச்சூர் உரிமத்துக்குள் வரவே வராது. அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதனால் விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

உரிமம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தவறு நடப்பது அலைவரிசையில். ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் தொகுதிகளை (பட்டைகளை) அலைநீளத்தால் அழைப்பார்கள். இந்தியாவில் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. 70 சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 வரை மட்டும். அமெரிக்காவில் இவை 148 வரையும், 420 முதல் 450 வரையும் விரிந்திருக்கும். அமெரிக்க ஹாம் பழக்கத்தில் முதலில் அழைக்கும் 146.520 இந்தியப் பட்டைக்கு வெளியே. 446.000மும் வெளியே. ஐரோப்பியர் அழைக்கும் 433.500கூட வெளியே, அதுவும் அரை மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்தில். அங்கே இரவு பகலாகப் பயன்படுத்திய சேனல் விரல் பழக்கத்தில் அப்படியே அழுத்தப்படும்.

கிளம்பும் முன்பே ஹேண்டியைக் கணினியில் இணைத்து, சிர்ப் மென்பொருளில் பழைய சேனல் பட்டியலைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு இந்தியப் பட்டைக்குள் வராத ஒவ்வொரு சேனலிலும் டூப்ளெக்ஸ் (அனுப்பும் முறை) கட்டத்தை ‘ஆஃப்’ என்று மாற்றுங்கள். அந்தச் சேனலில் கேட்கலாம், பி.டி.டி. என்ற பேசும் பொத்தானை அழுத்தினாலும் அலை போகாது. இது மெமரி சேனல்களுக்கு மட்டும்தான். அலைவரிசையை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வி.எஃப்.ஓ. முறைக்கு மாறினால் காவல் இல்லை. அதனால் மெமரி முறையில் நிறுத்தி விசைப்பலகையைப் பூட்டிவிடுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு (குரலை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவிக்கு) மேல்வழி, அதாவது நாம் அனுப்புவது, 145.990, 67 ஹெர்ட்ஸ் டோன், கீழ்வழி, அதாவது நாம் கேட்பது, 437.800; இரண்டுமே இந்தியப் பட்டைக்குள் வருகின்றன. மொட்டை மாடியில் நின்று முயல நல்ல வாய்ப்பு அது. நிலையம் வேகமாக நகர்வதால் வரும் டாப்ளர் விலகலுக்காக, கீழ்வழியை 10 கிலோஹெர்ட்ஸ் மேலே தொடங்கிப் படிப்படியாக இறக்க வேண்டும்.

குறுஅலையிலும் இதே கவனம் வேண்டும். 40 மீட்டர் இங்கே 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அமெரிக்காவில் 7.3 வரை. 80 மீட்டர் பட்டை இரண்டு துண்டு: 3.500 முதல் 3.700 வரை, பிறகு 3.890 முதல் 3.900 வரை. அந்த 10 கிலோஹெர்ட்ஸ் துண்டில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. எல்.எஸ்.பி. என்ற கீழ்ப்பக்கப் பட்டை முறையில் குரல் டயல் எண்ணுக்குக் கீழே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் பரவும். டயலை 3.891இல் வைத்தால் பேச்சின் பெரும்பகுதி பட்டைக்கு வெளியே விழும். 3.893க்கும் 3.900க்கும் இடையில்தான் டயல் இருக்க வேண்டும். 20 மீட்டரில் யூ.எஸ்.பி. என்ற மேல்பக்கப் பட்டை முறை என்பதால் கதை தலைகீழ்: பட்டை 14.350இல் முடிகிறது, டயல் 14.347ஐத் தாண்டக் கூடாது. சக்தி வரம்பு ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு 50 வாட், ஜெனரலுக்குக் குறுஅலையில் 400 வாட். 100 வாட் ரிக் (ரேடியோ) கொண்டுவந்த வி.யூ.3காரர் முதல் வேலையாக மெனுவில் சக்தியைப் பாதியாக்கிவிட வேண்டும்.

பேச்சிலும் நிபந்தனை உண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் கால் சைன் சொல்ல வேண்டும், நீண்ட உரையாடலில் இடையிலும். வியாபாரம், பாட்டு, செய்தி ஒலிபரப்பு, ரகசியக் குறியீடு எதுவும் கூடாது. அத்தைக்காக அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் சேதி சொல்வதும் மூன்றாமவர் செய்திதான். சர்வதேச விதி அதைப் பேரிடர் காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு கரைக்குத் தகவல் கொண்டுசேர்த்தது இந்த விதிவிலக்கு எதற்கு என்பதைக் காட்டும்.

லாக் (தொடர்புகளின் பதிவேடு) கட்டாயம். யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகிறவர்கள் ஐந்தரை மணி நேரம் கழிக்கும்போது தேதியையும் பாருங்கள்: இங்கே மார்ச் 12 அதிகாலை 4.15 என்றால் லாக்கில் மார்ச் 11, 22:45.

பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் என்றால் 77 வாட்-மணி, பிரச்சினை இல்லை. 12 ஆம்பியர்-மணி என்றால் 154. விமான நிறுவன ஒப்புதல் வேண்டும். 20 என்றால் 256, ஏற்ற மாட்டார்கள். முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். மின்வெட்டில் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும்போது மலிவான வகைகள் குறுஅலை முழுக்க இரைச்சலை நிரப்பும். அந்த நேரத்துக்குப் பேட்டரியில் ரிக்கை ஓட்டி, இன்வெர்ட்டரிலிருந்து ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள். 20 மீட்டர் டைபோலுக்கு (இரு கைக் கம்பி ஆன்டெனாவுக்கு) ஒவ்வொரு கையும் 5.03 மீட்டர். மொட்டை மாடியில் கட்டும்போது அறுந்து விழுந்தாலும் தெருக் கம்பியைத் தொடாத திசையில் கட்டுங்கள்.

உரிமம் நேரத்துக்கு வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டு வீட்டில் உள்ள உங்கள் நிலையத்தை இணையம் வழியாக இயக்கினால் அலை கிளம்புவது அங்கிருந்துதான். அந்த நாட்டு விதி தொலை இயக்கத்தை அனுமதித்தால் மடிக்கணினியும் ஹெட்செட்டும் போதும். கால் சைனும் அங்கத்தியதையே சொல்ல வேண்டும், முன்னால் வி.யூ. சேர்க்கக் கூடாது. அப்படியே கொழும்புக்கும் போகிறீர்கள் என்றால், இந்திய உரிமம் அங்கே செல்லாது. கால் சைன் 4எஸ் என்று தொடங்கும் அந்த நாட்டுக்கு இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.