வெளிநாட்டில் மினிபஸ் எடுத்து ஓட்டப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் கூட்டமாக வெளிநாடு போவது இப்போது ரொம்பச் சாதாரணம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு சுற்றலாம் என்று திட்டம் போடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போட்டோம். கட்டிய 1,92,000 ரூபாயும் போய், எடின்பரா விமான நிலையத்தில் பெட்டிகளோடு ஐந்து மணி நேரம் நின்றோம். இன்னொரு குழு அப்படி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் 11 பேர். திருச்சியில் ஒரே கல்லூரி, 2005-இல் முடித்தோம். பாதிப் பேர் பெங்களூரில், மற்றவர்கள் ஓசூர், சென்னை, கோவை. 20 வருடம் ஆனதைக் கொண்டாட 2025 மே மாதம் ஸ்காட்லாந்து போவது என்று முடிவானது. எடின்பராவில் இறங்கி, கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம், ஸ்கை தீவு, இன்வர்னெஸ் வழியாகச் சுற்றித் திரும்புவது, ஆறு நாள். அங்கேயும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதனால் தைரியமாக இருந்தோம். எல்லாரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்பது மட்டும் எங்கள் பிடிவாதம். கல்லூரியில் ஒகேனக்கல் போனபோது வழியெல்லாம் பாடிக்கொண்டே போனோமே, அது மாதிரி.

தெரிந்தவர் மூலம் ஒரு டிராவல்ஸ்காரர் கிடைத்தார். தமிழர், நன்றாகப் பேசுவார். 17 சீட் மினிபஸ் இருக்கிறது, டிரைவர் வேண்டாம், நீங்களே ஓட்டலாம் என்றார். என்னிடம் இருப்பது எல்.எம்.வி., அதாவது கார் மாதிரி இலகுரக வண்டிக்கான லைசென்ஸ். எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. கேட்டேன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்றும் என்னிடம் இருக்கிறது: "மேடம், உங்க லைசென்ஸ்ல எல்.எம்.வி. இருக்குல்ல? நம்ம ஊர்ல டிடி ஓட்டிருக்கீங்கன்னு சொன்னீங்கல்ல? அதே சைஸ் வண்டிதான். எல்.எம்.வி. போதும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இன்டர்நேஷனல் லைசென்ஸ் நான் எடுத்துத் தர்றேன், முடிஞ்சுது."

நான் டிடி ஓட்டியிருப்பது உண்மை. ஓசூரில் எங்கள் குழுவில் உள்ள செந்தில் வீட்டில் 12 சீட் டெம்போ டிராவலர் இருக்கிறது. அதை ஏற்காட்டுக்கும் தலைக்காவேரிக்கும் ஓட்டிப் போயிருக்கிறேன். அவர் சொன்ன தீர்ப்பும் உண்மைதான். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று சொன்னது. இரண்டு உண்மைகளை வைத்து ஒரு பொய்யை விற்றுவிட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. இந்தியாவில் எல்.எம்.வி.க்கு அளவுகோல் எடை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் எடையோடு சீட்டையும் எண்ணுகிறார்கள். டிரைவரைத் தவிர எட்டு சீட் வரை கார் கணக்கு. ஒன்பதாவது சீட் வந்தால் அது மினிபஸ், அதற்கு டி1 அல்லது டி வகை லைசென்ஸ் வேண்டும். நம் ஊர்த் தீர்ப்பு நம் ஊர்ச் சாலைக்குத்தான்.

ஓட்டப் போகும் மூன்று பேருக்கும் தலைக்கு 5,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று ஒரு புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் கார்டும் கொடுத்தார். நாங்கள் ஆர்.டி.ஓ. பக்கமே போகவில்லை. 'எல்லாம் ஆன்லைன்' என்றார். புத்தகத்தில் வண்டி வகைக்கு ஒன்றாக ஏ முதல் ஈ வரை ஐந்து கட்டம், ஐந்திலும் முத்திரை. அதைப் பார்த்து, டி கட்டத்திலும் முத்திரை இருக்கிறது, ஆகவே மினிபஸ்ஸும் ஓட்டலாம் என்று நம்பினேன். அந்த ஐந்து முத்திரையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் லைசென்ஸில் இருப்பது கியர் உள்ள இருசக்கர வாகனமும் எல்.எம்.வி.யும் மட்டும். லாரியும் பஸ்ஸும் ஓட்ட எனக்கு யார் எப்போது அனுமதி கொடுத்தார்கள்?

சரி, எடின்பரா. காலை பத்து மணிக்கு வாடகைக் கவுன்ட்டரில் நின்றோம். அங்கிருந்த பெண் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஓரமாக வைத்துவிட்டு அசல் லைசென்ஸைக் கேட்டார். எங்கள் கர்நாடகா லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் பிரிட்டனில் அதுவே போதுமாம். கார்டைத் திருப்பிப் பார்த்தார், ஒரு நிமிடம் கணினியில் தட்டினார், மினிபஸ் தர முடியாது என்றார். சத்தம் போடவில்லை, அவமதிக்கவில்லை. பிரிட்டனுக்குச் சுற்றுலா வருபவர்கள் இந்திய லைசென்ஸை வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம், ஆனால் 3.5 டன்னுக்குள், எட்டுப் பயணிகள் சீட் வரை உள்ள சிறிய வண்டி மட்டும்தான் என்று ஒரு தாளில் எழுதியே காட்டினார். செந்தில், "நாங்க பதினோரு பேருதான், மிச்ச சீட்டெல்லாம் காலியாத்தானே இருக்கும்" என்று கேட்டுப் பார்த்தான். எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பது கணக்கில்லை, வண்டி எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டது என்பதுதான் கணக்கு என்றார்.

பணம் கேட்டோம். அப்போதுதான் வாடகை நிறுவனத்தின் அசல் வவுச்சரை முதல் முறையாகப் பார்த்தேன். எங்களுக்கு டிராவல்ஸ்காரர் கொடுத்தது அவருடைய சொந்த லெட்டர்பேடில் அடித்த வவுச்சர். அசலில் இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது: ஓட்டுநருக்கு டி1 வகை லைசென்ஸ் கட்டாயம், இல்லாமல் வந்தால் வண்டி கிடையாது, பணமும் திரும்பாது. அந்த ஒரு பக்கம் மார்ச் மாதமே எங்கள் கைக்கு வந்திருந்தால் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டோம். அது அவரிடம் இருந்தது, படித்திருந்தார், மறைத்தார். என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத இடம் இதுதான்.

எங்களோடு வந்த ரம்யாவின் மாமா ஒருவர் கிளாஸ்கோவில் டாக்டர், முப்பது வருடத்துக்கு மேலாக அங்கேயே இருப்பவர். அவருக்குப் போன் செய்தோம். அவர்தான் பொறுமையாக விளக்கினார். "1997 ஜனவரி 1-க்கு முன்னாடி இங்க கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்க லைசென்ஸ்ல டி1 தானாவே இருக்கும்மா. என்கிட்ட இருக்கு. கோயில் ட்ரிப்புக்கெல்லாம் காசு வாங்காம மினிபஸ் ஓட்டிருக்கேன். அதுக்கப்புறம் பாஸ் பண்ணவங்களுக்கு அது கிடையாது. உங்களை மாதிரி வெளியில இருந்து வர்றவங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல." 'எங்க கஸ்டமர் போன வருஷம் ஓட்டினார்' என்றும் டிராவல்ஸ்காரர் எங்களிடம் சொல்லியிருந்தார். அப்படி யாராவது உண்மையில் இருந்திருந்தால், இப்படி ஒரு பழைய பிரிட்டிஷ் லைசென்ஸ்காரராக இருந்திருப்பார். உங்கள் உறவினர் யாராவது, 'நான் அங்கே சாதாரண லைசென்ஸில் மினிபஸ் ஓட்டினேன்' என்று சொன்னால், எந்த நாட்டு லைசென்ஸ், எந்த வருடம் எடுத்தது என்று கேளுங்கள்.

மாமா லீவு போட்டுவிட்டு வந்து ஓட்டுகிறேன் என்றார். ஆறு நாள் மலைப்பாதையில் அவரை ஓட்டவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

டிராவல்ஸ்காரர் மூன்று மணி நேரம் போன் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்க நமக்குத் தெரிஞ்ச லோக்கல் ஆள் இருக்காரு மேடம். பிரைவேட் மினிபஸ். லைசென்ஸ் எல்லாம் கேக்க மாட்டாரு. பவுண்ட்ல கேஷா கொடுத்துடுங்க." எல்லாரும் களைத்திருந்தோம். இரண்டு மூன்று பேருக்கு அது சரியென்று பட்டது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரம்யாதான் போனைப் பிடுங்கி வைத்தாள். அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லைசென்ஸில் இல்லாத வகை வண்டியை ஓட்டினால் இன்ஷூரன்ஸ் நிற்காது. பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதமும் ஆறு பெனால்ட்டி பாயின்ட்டும். கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. வண்டியையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போகலாம். இதெல்லாம் விபத்து நடக்காவிட்டால். நடந்திருந்தால், பதினோரு குடும்பங்கள்.

கடைசியில் ஒரு 9 சீட் வேனும் ஒரு காரும் எடுத்தோம். அதே நாளில் கேட்கும் விலை என்பதால் 1,480 பவுண்ட், ஏறக்குறைய 1,69,000 ரூபாய். இங்கே இன்னொரு சிக்கல். மூன்றாவது டிரைவர் பிரபு லைசென்ஸ் கார்டை வீட்டில் வைத்துவிட்டு, டிஜிலாக்கரை நம்பி வந்திருந்தான். நம் ஊரில் போலீஸுக்குக் காட்ட அது போதும், அங்கே கவுன்ட்டரில் எடுபடவில்லை. ஆக இரண்டு வண்டிக்கு இரண்டே டிரைவர், நானும் செந்திலும், ஆறு நாளும் மாற்றிக்கொள்ள ஆளில்லாமல். ஸ்கை தீவில் பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலைதான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பதற்கென்று அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். பெரிய வேனை அதில் ஓட்டுவது பயிற்சி இருப்பவர்களுக்கே வேலைதான். 17 சீட் வண்டியோடு அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தேன். ஊர் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிளென்கோவில் முதல் வண்டியில் இருந்தவர்கள் இறங்கி நின்ற இடத்தில் இரண்டாவது வண்டி இல்லை, போன் சிக்னலும் இல்லை. எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் மொத்தமே நான்குதான்.

திரும்பி வந்ததும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி ஆர்.டி.ஓ.வுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி பார்த்த உடனே, இது நாங்கள் கொடுத்தது இல்லை என்றார். உண்மையான ஐ.டி.பி.க்கு (இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று நாம் சொல்லும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் போன்ற ஆவணங்களைக் காட்ட வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரே வடிவம் கொண்டுவந்து, லைசென்ஸோடு இணைத்த கியூ.ஆர். கோடும் வைத்துவிட்டது. முக்கியமாக, உங்கள் லைசென்ஸில் என்ன வகை இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் முத்திரை விழும். எல்.எம்.வி. இருந்தால் காருக்கான பி கட்டம். அவ்வளவுதான். ஐ.டி.பி. என்பது உங்கள் லைசென்ஸை வெளிநாட்டுக்காரர் படிப்பதற்கான மொழிபெயர்ப்பு மாதிரி. உங்களிடம் இல்லாத உரிமையை அது தராது. ஒரு நாளில் எடுத்துத் தருகிறேன் என்று 5,500 கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் லைசென்ஸிலேயே டிரைவரோடு சேர்த்து 12 பேர் வண்டி வரை, 4.5 டன்னுக்குள், ஓட்டலாம். ஐரோப்பிய நாடுகளில் டிரைவரோடு ஒன்பதுதான் எல்லை. அதனால் 'நண்பர் அங்கே ஓட்டினார்' என்பது எந்த நாடு என்று தெரியாமல் ஒன்றுக்கும் உதவாது. பதினோரு பேர் என்றால் டிரைவரோடு வரும் மினிபஸ்ஸை முதலிலேயே விசாரியுங்கள். நாங்கள் மொத்தமாகக் கட்டிய தொகையில் அது கிடைத்திருக்கலாம், நானும் செந்திலும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையைப் பார்த்திருப்போம்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். டிராவல்ஸ்காரர், லைசென்ஸ் தகுதியைப் பார்த்துக்கொள்வது பயணியின் பொறுப்பு என்று பதில் அனுப்பினார். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தோம். அதன் பிறகு புத்தகத்துக்கு வாங்கிய 16,500 ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு இ-ஜாக்ருதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு இப்போது கைகொடுப்பது அந்த வாய்ஸ் மெசேஜ்தான். போனில் பேசி முடித்துவிடாதீர்கள். 'இந்த லைசென்ஸில் இந்த வண்டியை இந்த நாட்டில் ஓட்டலாம்' என்று எழுத்தில் கேளுங்கள், வாடகை நிறுவனத்தின் அசல் வவுச்சரையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கையிலும் ஐந்து கட்டத்திலும் முத்திரை குத்திய புத்தகம் ஏற்கெனவே இருந்தால், பயணத்துக்கு முன்பே அதை ஆர்.டி.ஓ.வில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.