பத்தாயம் அலமாரியான கதை: ஒரு மரப்பட்டறையும் இரண்டு மழையும்

சுங்கான்கடை தாண்டி வில்லுக்குறிக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் இறங்கினால் ஒரு மரப்பட்டறை வரும். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, வாசலில் சாய்த்து வைத்த பழைய கதவு நிலைகள், அவ்வளவுதான் அடையாளம். பட்டறைக்குப் பெயர் என்ன என்று மூத்த ஆசாரியிடம் கேட்டேன். "பேரு எதுக்கு மக்களே, மரம் வேணும்னா தேடி வருவாவ" என்றார். அதனால் நானும் பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பத்தாயத்தை, அதாவது நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டியை, துணி அலமாரியாக்கித் தந்தது இந்தப் பட்டறைதான்.

நான் தேரூர்ப் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். தெற்கு முறி (அறை) முழுக்க அடுத்தவர் துணிதான். என் சேலை ஒன்று பூசணம் பூத்துப் போனால் நான் திட்டிக்கொண்டு துவைத்துவிடுவேன். வாடிக்கையாளர் துணி பூத்தால் அத்தோடு அந்தத் தெருவே வராது. நம் குமரி மாவட்டத்தில் மழை ஒரு தடவையோடு விடுவதும் இல்லை. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஆனி ஆடியில் நனைக்கும், கொஞ்சம் ஈரம் காய்வதற்குள் ஐப்பசி கார்த்திகை வந்துவிடும். போதாததற்குப் பக்கத்தில் குளம், அதைச் சுற்றி வயல்.

முன்னால் இருந்த அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஐந்து வருடம் முன்பு நாகர்கோவிலில் ஒரு பர்னிச்சர் ஷோரூமில் வாங்கியது. பளபளவென்று மைக்கா ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் செதிலையும் பசை போட்டு அழுத்திச் செய்கிற பலகை அது. விளிம்பில் ஒட்டியிருக்கிற பட்டை எங்கே விட்டுப் போகிறதோ அங்கே ஈரம் ஏறும். இரண்டாவது மழையில் அடிப்பலகை இட்லி மாதிரி உப்பிக்கொண்டது. அப்புறம் கதவின் கீல் திருகாணிகள் ஒவ்வொன்றாக மரத்தூளோடு கையில் வந்தன. திரும்பத் திருக ஓட்டையில் ஒன்றும் பிடிமானம் இல்லை. தீக்குச்சி செருகித் திருகிப் பார்த்தேன், ஒரு மாதம் நின்றது.

அதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் மெரூன் பட்டு பிளவுஸ், ஆரி வேலை முடித்து அந்த அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு எடுத்தால் லைனிங் முழுக்கச் சாம்பல் நிறப் பொட்டுப் பொட்டாகப் பூசணம். ராத்திரியோடு ராத்திரியாக லைனிங்கைப் பிரித்து, பட்டை மெல்லிய பிரஷால் தட்டி, மறுநாள் கிடைத்த இத்தனூண்டு வெயிலில் நிழல் படக் காயவைத்து, புது லைனிங் வைத்துத் தைத்தேன். கூலி வாங்கவில்லை. ஈரம் இழுக்கும் பொட்டலம் தொங்கவிட்டிருந்தேனே என்று கேட்பவர்களுக்கு: அது ஈரத்தை நன்றாகவே இழுத்தது, இழுத்த தண்ணீரைக் கீழே இருந்த பாவாடை மேல் ஒழுகவும் விட்டது.

எங்கள் வீட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. மாமியாரின் மாமியார் காலத்தது. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போக நெல்லும் அதில்தான் கிடக்குமாம். நான் வந்த நாளிலிருந்து அதில் நெல்லைப் பார்த்ததில்லை. அரிசி மூட்டையாகக் கடையிலிருந்து வருகிறது, பத்தாயத்துக்குள் பழைய பித்தளைப் பாத்திரமும் எலியும். அதைப் பிரித்து அலமாரி செய்யலாமா என்று நான் கேட்டபோது மாமி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எளா, பிரிச்சா பிரி. வெளிய வித்துராத" என்றார். வேறெங்கும் கேட்டால் பழைய மரத்துக்கு விலை சொல்லி வாங்கிக்கொள்வதாகத்தான் சொன்னார்கள். உன் மரத்தில் உனக்கே செய்து தருகிறேன் என்று சொன்னது இந்தப் பட்டறை மட்டும்.

பிரிக்க வந்த அன்று நான் தையல் மிஷினை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தேன். கோடாலி, கடப்பாறை வரும் என்று நினைத்தேன். ஒரு மரச் சுத்தியலும் உளியும்தான் வந்தது. பத்தாயத்தில் ஆணியே இல்லை. ஒரு பலகையில் காடி வெட்டி, அடுத்த பலகையின் நாக்கை அதில் செருகி நிறுத்தியிருக்கிறார்கள். எந்தப் பலகை முதலில் வர வேண்டும் என்று தெரிந்து தட்டினால் ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது. உள்பக்கத்தில் பலகைக்குப் பலகை உளியால் கீறிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. எது எதோடு சேர வேண்டும் என்று அன்றைக்குச் செய்த ஆசாரி போட்ட அடையாளம். மூத்த ஆசாரி அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைத் தட்டினார். அடியில் ஒரு கைப்பிடி நெல் கிடந்தது. மாமி அதைப் பொறுக்கிச் சாமி முறியில் கிண்ணத்தில் வைத்துக்கொண்டார்.

பக்கப் பலகைகள் அயினி, அடிப்பலகை பலா. மலையாளத்தில் ஆஞ்சிலி என்பார்களே, அதே அயினிதான். சிதல் (கரையான்) லேசில் தொடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவ்வளவு காலத்தில் பத்தாயத்தின் கால் ஒன்றில் மட்டும், மரத்தின் வெள்ளைப் பகுதி இருந்த ஓரத்தில், சிதல் ஏறியிருந்தது. வைரம் பாய்ந்த பக்கம் அப்படியே இருந்தது. பலாப் பலகை வெளியே கறுத்துக் கிடந்தது. இழைப்புளி ஓடியதும் உள்ளே மஞ்சள். அது திரும்பவும் பழுப்பாகிவிடும் என்றார் மூத்த ஆசாரி, ஆகிக்கொண்டும் இருக்கிறது.

அளவில்தான் முதல் தகராறு. எனக்குத் திங்கள் முதல் சனி வரை ஆறு கள்ளி, அதாவது தடுத்த அறைகள், வேண்டும். எந்த நாள் கொடுக்க வேண்டிய துணியோ அந்தக் கள்ளியில் போய்விட வேண்டும், தேடக்கூடாது. கள்ளிக்கு 9 அங்குலம், அலமாரி மொத்தம் 60 அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன். "கூட்டிப் பாரு மக்களே" என்றார். ஆறு ஒன்பது ஐம்பத்துநாலு, மீதி இருக்கிறதே என்றேன். "பலகைக்குக் கனம் கிடையாதா? ஏழு பலகை, ஏழு அங்குலம். நீ துணி வெட்டும்போ தையலுக்கு விடமாட்டியா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கள்ளிகள் எட்டே முக்கால் அங்குலம் ஆயின. என் துணி டேப்பையும் வாங்கி அவருடைய இரும்பு டேப்போடு சேர்த்து வைத்துக் காட்டினார். பழைய டேப், இழுபட்டு இழுபட்டு 60 அங்குலத்தில் அரை அங்குலம் நீண்டிருந்தது. அன்று மாலையே புது டேப் வாங்கினேன். அதுவரை தைத்த பிளவுஸ்களை நினைத்தால் இப்போதும் லேசாக வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது தகராறு கதவு. பூசணம் வராமல் இருக்க இறுக்க மூடுகிற கதவு வேண்டும் என்று நான் நின்றேன். அவர் அழி வைத்த கதவுதான் போடுவேன் என்றார். சாய்வாகப் பட்டைச் சட்டம் அடுக்கி, இடைவெளி விட்டு. "இந்த ஊர்க் காத்துல மூடி வச்சா எதுவும் அழுகும். பத்மநாபபுரம் கொட்டாரத்துல போய்ப் பாரு, அழியும் சட்டமுமா காத்து எப்படி ஓடுதுன்னு." அரண்மனையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி, நான் திரும்பப் போகவில்லை. ஆனால் பட்டு பிளவுஸ் ஞாபகம் வந்தது. மூடின அலமாரிக்குள்தானே அது பூத்தது. சரி என்றேன். பின்பலகையும் முழுதாக இல்லை, மேலும் கீழும் இரண்டு விரல் விட்டிருக்கிறார். கால் ஐந்தரை அங்குல உயரம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பு. இடம் போகிறதே என்று முதலில் தோன்றியது. இப்போது அந்த இடுக்கில் துடைப்பம் நுழைகிறது, அது தனி சௌகரியம்.

காலுக்கும் பின்பலகையின் வெளிப்பக்கத்துக்கும் கொல்லாங்கொட்டைத் தோட்டு எண்ணெய் (முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது) பூசினார்கள். கறுப்பாக, கெட்டியாக, வாடை தூக்கும். கையில் பட்டால் தோல் பொத்துவிடும், கூட வேலை பார்த்த பையன் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பூசினான். துணி படும் இடம் எதிலும் அது இல்லை. உள்ளே மெழுகு தேய்த்ததோடு சரி. கீலும் திருகாணியும் பித்தளை, கோட்டாற்றில் நானே போய் வாங்கிக் கொடுத்தேன். இரும்பு போட்டிருந்தால் ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும், துரு வழிந்து துணியில் கறையும் பட்டிருக்கும்.

இனி குறை. பங்குனிக்குள் முடித்துத் தருகிறேன் என்று முன்பணம் 10,000 வாங்கினார்கள். சித்திரை விஷுவுக்கு என் தெற்கு முறியில் துணி எல்லாம் கட்டில் மேல் கிடந்தது. வைகாசியில் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, "நாளைக்கு". அந்த நாளை ஆனியில் வந்தது, அதுவும் கொட்டுகிற மழையில், டெம்போவில் தார்ப்பாய் போர்த்தி. தேதி குறித்து வேலை வாங்க வேண்டிய கல்யாண வீட்டுக்காரர்கள் இந்தப் பட்டறைப் பக்கம் போக வேண்டாம். பில் என்று ஒன்றும் தரமாட்டார்கள்; ஒரு நோட்டுத் தாளில் பென்சிலால் கணக்கு. கணக்கு என்னவோ சுத்தம். மூத்தவருக்கு 17 நாள், நாள் கூலி 1,300. பையனுக்கு 11 நாள், 900. அது 32,000. பித்தளைச் சாமான் 5,850, டெம்போ இரண்டு நடை 2,400, எண்ணெய், மெழுகு, உப்புத்தாள் எல்லாம் 1,500, பின்னால் சொல்லப்போகும் வலை 1,200. மொத்தம் 42,950 ரூபாய், மரம் நம்முடையது. இதே அளவுக்குப் பிளைவுட்டில் ஷோரூமில் கேட்டபோது 90 ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள். பிளைவுட் ஆகாது என்று நான் சொல்லவில்லை. எடுப்பதென்றால் ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) போட்டதாகப் பார்த்து எடுங்கள். ஐஎஸ் 303 எண்ணில் வருகிற எம்ஆர் ரகம் (காற்றின் ஈரத்தை மட்டும் ஓரளவு தாங்குவது) ஈரம் படாத இடத்துக்குத்தான் சரி, அடுக்களைத் தொட்டிக்குக் கீழே வைத்துவிட்டு அழக்கூடாது.

வலைக்கு வருகிறேன். அழிக் கதவு வந்த ஒரு வாரத்தில் பல்லி உள்ளே குடியேறியது. வெள்ளைச் சுடிதார் மேல் பல்லி எச்சம். ஆசாரியிடம் சண்டைக்குப் போனேன். காற்று வரும் வழியில் பல்லியும் வரும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை, அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. கதவின் உள்பக்கம் நைலான் வலை அடித்துத் தந்தார், வலைக்குக் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. அது பாதி நியாயம் என்று விட்டுவிட்டேன். தூசி மட்டும் வலையையும் மீறி வருகிறது. வாரம் ஒரு தடவை பழைய பெயின்ட் பிரஷால் அழிகளைத் தட்ட வேண்டும், அரை மணி நேர வேலை. விலை உயர்ந்த பட்டை இப்போதும் பருத்தித் துணியில் சுற்றித்தான் வைக்கிறேன்.

இரண்டு மழை பார்த்தாயிற்று. போன ஐப்பசியில் எங்கள் வயல் ரோட்டில் தண்ணீர் நின்று மூன்று நாள் மின்சாரமும் இல்லை, ஃபேன் ஓடவில்லை, முறிக்குள் சுவரே வியர்த்தது. நாலாம் நாள் கள்ளி கள்ளியாகத் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பழைய அலமாரியைத் திறந்தால் வரும் அந்த நாற்றம் இல்லை. ஒரு துணியிலும் பொட்டு இல்லை. லேசாக நெல் வாடை மட்டும் அடிக்கிறது. மாமிக்கு அது பிடித்திருக்கிறது, வாடிக்கையாளர் இரண்டு பேர் என்ன வாடை என்று கேட்டுவிட்டார்கள்.

கீழே நூல்கண்டு, பொத்தான், ஹூக் போட மூன்று இழுப்பறைகள். அதில் மூன்றாவது மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது, இரண்டு கையால் இழுத்தாலும் பாதிதான் வரும். பலகை ஈரத்தில் அகலவாக்கில்தான் விரியும், நீளத்தில் விரியாது. இந்த இழுப்பறையின் பக்கங்களுக்கு இடம் போதாமல் வைத்துவிட்டார்கள். ஆடியில் போன் செய்தால், "இப்ப இழைச்சா கோடையில லொடலொடன்னு ஆடும், வெயில் அடிக்கட்டும்" என்கிறார். மாசியில் போன் செய்தால், "இப்ப இறுகுதா?" என்று கேட்கிறார். மாசியில் அது வழுக்கிக்கொண்டு வருகிறது. அதனால் ஹூக் பெட்டியை மட்டும் மழைக்காலத்தில் மேல் தட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.