மார்க் போடாத துண்டுச்சீட்டு: வளரறி மதிப்பீட்டோடு 13 வருடங்கள்

போன வாரம், பக்கத்து ஒன்றியத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கை ஒருத்தி போனில் கேட்டாள்: "அக்கா, இந்த வளரறி மதிப்பீடெல்லாம் நிஜமாவே பாடம் நடத்த உதவுதா, இல்ல ரெக்கார்டுக்குத்தானா?" பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எது புரிந்தது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதுதான் வளரறி மதிப்பீடு. அன்று சாயங்காலம்தான் இரண்டு வகுப்புக்கும் அதன் மதிப்பெண்ணை ஏற்றி முடித்திருந்தேன். எரிச்சலில் "ரெக்கார்டுக்குத்தான்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அது உறுத்தியது. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2012-13இல் தமிழ்நாட்டில், வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு இது வந்தபோது ஆறு, ஏழு வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அதே வகுப்புகள்தான். வளரறியில் செயல்பாட்டுக்கு (எஃப்ஏ-ஏ) 20, சிறுதேர்வுக்கு (எஃப்ஏ-பி) 20, பருவ முடிவில் வரும் தொகுத்தறி தேர்வுக்கு 60 என்பதெல்லாம் டீச்சர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எஃப்ஏ-ஏ செயல்பாட்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. படம் கடையிலிருந்து வருகிறது, மாடலை அண்ணன் செய்து கொடுக்கிறான். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று அதை வைத்து ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

கண்டுபிடித்தது துண்டுச்சீட்டில். பழைய ரஃப் நோட்டுத் தாளை நாலாகக் கிழித்து, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி. பதிலோடு, ஏன் அப்படி என்று ஒரு வரி. மார்க் கிடையாது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பிரித்துப் பார்ப்பேன்.

ஏழாம் வகுப்பில் தசமம் நடத்திய ஒரு நாள், "0.8, 0.45 எது பெரியது?" என்று கேட்டிருந்தேன். 34 பிள்ளைகளில் 19 பேர் 0.45 என்று எழுதியிருந்தார்கள். 45 எட்டை விடப் பெரிது என்று பார்த்திருப்பார்கள், வழக்கமான தப்புதானே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு சீட்டு. பென்சிலில் சின்ன எழுத்தில், "8 பைசாவை விட 45 பைசா பெருசு டீச்சர்". பஸ்ஸில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் முன்னால் தசமத்தை ரூபாய்-பைசா வைத்து விளக்கியது நான்தான். புள்ளிக்கு இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் பைசா என்று போர்டில் கோடு கிழித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை அதைக் கவனமாகக் கேட்டு, அப்படியே போட்டிருக்கிறது. தப்பு என் பாடத்தில் இருந்தது.

மறுநாள் தசமக் கூட்டல் எடுப்பதாக இருந்தேன். விட்டுவிட்டேன். நூறு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, 0.45க்கு 45 கட்டம், 0.8க்கு எட்டு வரிசை வண்ணம் தீட்டச் சொன்னேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ 0.8 ரூபான்னா 80 பைசாவா டீச்சர்?" என்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒரு பீரியட் போனது. ஆனால் அந்த வருடம் தசமத்தில் அவர்கள் மறுபடி தடுமாறவில்லை. பரீட்சை முடிந்தபின் விடைத்தாளில் பார்த்திருந்தால் எனக்கு அது வெறும் தப்பு விடை. சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன்.

இவ்வளவு நல்ல விஷயத்தின் மேல் எனக்கு என்ன கோபம் என்றால், மார்க். அதே கேள்வியை எஃப்ஏ-பி சிறுதேர்வாகக் கொடுத்துப் பாருங்கள். ஓரத்தில் பென்சிலில் எழுத ஒரு பிள்ளையும் துணியாது. தெரியாததை மறைக்கும், பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும். தப்பைத் தேடித்தான் இந்தத் தேர்வே வைக்கிறோம். மார்க் வந்ததும் தப்பு ஒளிந்துகொள்கிறது. திருப்பிக் கொடுக்கும்போதும் அதே கதை. இரண்டு வரி ஆலோசனை எழுதி 6/10 என்று போட்டால், கண் 6இல் நிற்கும், "உனக்கு எவ்வளவு?" என்ற கேள்வி கிளம்பும், நோட்டு மூடிவிடும். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள், வெறும் மதிப்பெண் பெற்றவர்களைவிட மேலே வரவில்லை. நான் ஒரு பருவம் முழுக்கக் குறிப்பை முதலில் கொடுத்து, மார்க்கை ஒரு வாரம் கழித்துச் சொல்லிப் பார்த்தேன். நோட்டைப் பிரித்துத் திருத்தினார்கள். ஆனால் பதிவேட்டில் தேதியோடு மார்க் எங்கே என்ற கேள்வி வந்தது. அதோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய பரீட்சை என்றாலே கை நடுங்குகிற பிள்ளைக்கு வளரறியில் கிடைக்கும் அந்த 40 மார்க் ஒரு தெம்பு. அப்படி இரண்டு மூன்று முகங்கள் என் கண்முன்னே இருக்கின்றன. அது பொய்யில்லை.

ஆனாலும் தங்கச்சி, இன்றைக்கு என்னைக் கேட்டால் அந்த 40 மதிப்பெண் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதிவேட்டை நிரப்பு, வேறு வழியில்லை. பாடம் நடத்த அதை நம்பாதே. சீட்டு வாங்கு, வாரம் இரண்டு போதும். 34 சீட்டுப் பார்க்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மறுநாள் பாடத்தை மாற்ற மனசில்லை என்றால் மட்டும் வாங்காதே, பிள்ளைகள் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாளை ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல். 1/2 + 1/3க்கு 2/5 என்று எத்தனை பேர் எழுதுவார்கள், ஏன் என்று என்ன எழுதுவார்கள் என்று பார்க்க வேண்டும். தாள் கிழித்து வைத்தாகிவிட்டது.