பட்டிக்கு வலையா, நாய்க்குச் சங்கிலியா?

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் செம்மறி வளர்ப்பவர்களிடம் பேசினால் மழைக்கு அடுத்த பேச்சு நாய்தான். விடிந்து பட்டிக்குப் போனால் பத்து ஆடு கழுத்திலும் தொடையிலும் கடிபட்டுக் கிடக்கும். தின்றிருக்காது. மிரண்டு ஓடுகிற ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததை விரட்டியிருக்கும். சினை ஆடு பிழைத்தாலும் அந்த மிரட்சியில் சினை கலைந்துவிடும்.

எங்கள் ஊர் மேய்ச்சல் முறையே இங்கு நமக்கு எதிராக நிற்கிறது. வேலி போட்டு ஆட்டுக்கென்றே விட்ட மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. அதில் கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. படலைச் சாத்திவிட்டால் ஆள் இல்லாமலே ஆடு மேயும். ஆனால் அந்த வேலி ஆடு வெளியே போகாமலிருக்கப் போட்டது. நாய் உள்ளே வராமலிருக்கப் போட்டதல்ல.

சரி, என்ன செய்வது? ஆத்திரத்தில் பலருக்கும் முதலில் தோன்றுவது விஷக்கறி. அதைத் தொடவே கூடாது என்பேன். விலங்கைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு என்பது ஒரு பக்கம். விஷத்துக்கு எது யார் வீட்டு நாய் என்று தெரியாது என்பது இன்னொரு பக்கம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் வைத்த கறியைத் தின்று செத்தது பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாய். இரண்டு வீட்டுக்கும் ஒரே பங்குக் கிணறு. அன்று நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை. தண்ணீர் முறை மாறும்போதுகூட ஆள் விட்டுத்தான் சொல்லி அனுப்புகிறார்கள்.

கருத்தடை இதற்கு நேர் எதிர். 2023-இன் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நாய் இரண்டே மாதச் சினையில் குட்டி போடுவதால், பெருக்கத்தை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஊராட்சியில் மனு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பலன் தெரிய வருடங்கள் ஆகும். கருத்தடை செய்த நாயும் இன்று ராத்திரி ஆட்டைக் கடிக்கும்.

இழப்பீடும் அப்படித்தான். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் போராடிய பிறகு அரசு அதற்கு முன்வந்தது. புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்கிவிடுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆனால் அது ஆடு செத்த பிறகு வருகிற பணம்.

ஆக, இன்றைக்கே கைக்கு எட்டுவது வலையும் சங்கிலியும். ஏக்கர் கணக்கில் கிடக்கிற கொறங்காடு முழுக்கக் கம்பிவலை அடிக்க யாராலும் முடியாது. ராத்திரிப் பட்டிக்கு மட்டும் ஆறடி வலை அடித்து, நாய் தோண்டாதபடி அடியில் ஒரு அடியை மண்ணுக்குள் புதைத்தால் இரவு காப்பாற்றப்படும். அதை முதலில் செய்யுங்கள். ஆனால் பகலில் கொறங்காட்டில் மேய்கிற ஆட்டுக்கு அது உதவாது.

அதனால்தான் நான் சங்கிலியை வலைக்கு மேலே வைக்கிறேன். கடிக்கிற கூட்டத்தில் ஊர் நாய் மட்டும் இல்லை. தோட்டத்து நாயும் உண்டு. சாளை வீட்டுத் திண்ணையில் சாதுவாகப் படுத்திருக்கும் நாய், நாலைந்து நாயோடு சேர்ந்தால் வேறு நாய்.

நான் பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் போய், "ஏனுங்க மாமா, நாயக் கட்டிப் போட்டுடுங்க" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் வயசானவங்க. நாயையும் கட்டிப் போட்டா ஆரு வந்தாலும் எப்படித் தெரியுமுங்க மாப்பிள்ளை?" என்றார். அவர் சொன்னது நியாயம். தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்டதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அவருடைய நாய் என் ஆட்டுக்கு எமன். அவருக்கு அதுதான் காவல்.

கடைசியில் வாசலில் இரண்டு கல்தூண் நட்டு, நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டினோம். வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாய் ஓடும், குரைக்கும். தோட்டத்தை விட்டுப் போகாது. கம்பிச் செலவில் பாதி என்னுடையது. காவல் நாய்க்கு முழு அடைப்பும் வேண்டாம், முழு அவிழ்ப்பும் வேண்டாம் என்று அங்குதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் மிச்சம் இருப்பது சொந்தக்காரர் இல்லாத நாய்கள். அவை கொழுப்பது ரோட்டோரம் கொட்டுகிற கோழிக் கழிவில். கறிக்கடைக்காரரிடம் மாமாவும் நானும் சேர்ந்தே போனோம். கொட்டுவதற்கு வேறு இடம் இல்லை என்றார். மாமா தன் தரிசின் மூலையில் ஒரு குழி தோண்டிக்கொள்ளச் சொன்னார். தினமும் மண் போட்டு மூட வேண்டும் என்பது மட்டும் பேச்சு.