கண்டறியாத ஸ்மார்ட் மெஷினும் கட்டாருக்குப் போன பெடியனும்

லண்டனில இருந்து கொழும்புக்குப் போட்டு வந்தா எல்லாரும் எயார்போட் கியூ, ஹைவே, சாப்பாட்டு விலை எண்டுதான் எழுதுவினம். எனக்கு அதெல்லாம் ஒரு கரைச்சலும் இல்லாமல் நடந்துது, அதால அதில எழுத ஒண்டுமில்லை. நான் எழுதப்போறது வெள்ளவத்தையில அம்மான்ர பிளாட்டில நிக்கிற வாஷிங் மெஷினைப் பற்றி. ஒரு மெஷினுக்கு இவ்வளவு எழுதவேணுமோ எண்டு கேக்கலாம். வேணும். எழுபது தாண்டின ஒரு மனிசி தன்ர வீட்டில தன்ர உடுப்பைத் தோய்க்கிறதுக்கு கட்டாரில இருக்கிற ஆரோ ஒரு பெடியன்ர போன் வேணுமெண்டா அதைப் பற்றி எழுதத்தான் வேணும்.

முந்தி எங்கட வீட்டில நிண்டது ட்வின் டப், தோய்க்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி இருக்கிற மெஷின். உங்கள் கனபேற்ற வீட்டிலயும் அதுதானே நிண்டது. பைப்பில ஹோஸைக் கொழுவி, தண்ணி நிரப்பி, சவுக்காரத்தூளைக் கொட்டி, அந்தக் குமிழைத் திருகினா கர் எண்டு 15 நிமிசம் ஓடி நிக்கும். கறண்ட் போனா நிக்கும், வந்தா குமிழைத் திருகி மிச்சத்தை ஓடவிடலாம். மூடியை எந்த நேரமும் திறக்கலாம், விடுபட்ட ஒரு துவாயை இடையில போடலாம். பக்கத்துத் தொட்டியில பிழியிறதுக்குப் போடேக்க மட்டும் வடிவா அடுக்கவேணும், இல்லாட்டி குசினி முழுக்க நடந்து திரியும், அதுக்கு மேல ஒரு கையை வைச்சு அமத்திக்கொண்டு நிக்கிறது சின்னனில என்ர வேலை. அம்மா அதை வருசக்கணக்கா பாவிச்சவ, ஒரு நாளும் ஆரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை.

கடல்பக்கத்து ஒழுங்கையெண்டபடியால் உப்புக்காத்துக்கு அடிப்பக்கம் கறள் பிடிச்சு கடைசியா அது கைவிட்டுட்டுது. ரொரன்ரோவில இருக்கிற அண்ணா அங்கயிருந்தே காசு கட்டி, கடையில இருந்ததில பெரிசா ஒரு முன்கதவு மெஷின் எடுத்துக் குடுத்தவர். அம்மா நல்லா இருக்கவேணுமெண்டுதான் செய்தவர், அவரில ஒரு குறையும் சொல்லமாட்டன். அதில வைஃபை இருக்கு, போனில ஆப் இருக்கு, வெளியில நிண்டே உடுப்புத் தோய்க்கலாமாம். வெளியில நிண்டு எப்பிடித் தோய்க்கிறது? உடுப்பை உள்ளுக்குப் போடுறதுக்கும் வெளியில எடுத்துக் காயப்போடுறதுக்கும் ஆள் வீட்டிலதானே நிக்கவேணும்.

பூட்டிக் குடுக்க வந்த கடைப்பெடியன் ஆப்பில பதிஞ்சாத்தான் மெஷின் முழுசா வேலை செய்யும், வரண்டியும் சரியாப் பதியப்படும் எண்டு சொல்லியிருக்கிறான். அம்மாட்ட இருக்கிறது பட்டன் போன். என்ன செய்யிறதெண்டு பாத்துட்டு அவன் தன்ர போனில, தன்ர நம்பரிலயே பதிஞ்சுபோட்டு, "பிறகு மாத்தலாம் அம்மா" எண்டு சொல்லீட்டுப் போயிட்டான். அவனும் அண்டைக்கு இன்னும் எத்தினை வீட்டுக்கு ஓடவேண்டியிருந்ததோ. அந்தப் பிறகு வரவேயில்லை. அம்மா தனக்குத் தெரிஞ்ச ஒரேயொரு பட்டனை அமத்தி இவ்வளவு காலமும் தோய்ச்சுக்கொண்டு வந்திருக்கிறா.

நாங்கள் போய் நிண்டது ஆடிவேல் திருவிழா நேரம். அடுத்தநாள் பம்பலப்பிட்டிக்குப் போறதெண்டு அம்மா தன்ர கோட்டன் சீலைகள், பிள்ளையளின்ர உடுப்பு, ரெண்டு பெட்ஷீட் எல்லாத்தையும் போட்டு ஓடவிட்டவ. நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்க கறண்ட் போச்சு. கனநேரமில்லை, ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள வந்திட்டுது. ஆனா மெஷின் பழையபடி வரேல்லை. போன் மாதிரி ஒரு படம் மினுங்கிக்கொண்டு நிக்குது, கதவு பூட்டு, உள்ளுக்கு அரைவாசிக்குத் தண்ணி, எந்தப் பட்டனை அமத்தினாலும் ரிங் ரிங் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பிளக்கைக் கழட்டிக் கொழுவினாலும் திரும்ப அதே படம்தான். அம்மா பேசாமல் நிண்டு பாத்துட்டு, "நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ பிள்ளை" எண்டு கேட்டா. எனக்கு வந்த கோபம் சொல்லேலாது. வாழ்க்கை முழுக்க ஒரு வீட்டை நடத்தின மனிசியை ஒரு மெஷின் இப்பிடிக் கேக்க வைக்குது.

கடைக்கு எடுத்தா முதல்ல மூண்டு பாஷையில ரெக்கோர்டிங், பேந்து பாட்டு, பேந்து ஒரு பிள்ளை வந்து மரியாதையாத்தான் கதைச்சா. "அது ரிமோட் மோட்ல நிக்குது மேடம், பதிஞ்ச போன்ல இருந்து ரிலீஸ் பண்ணுங்க" எண்டு சொன்னா. பதிஞ்ச போன் எங்களிட்ட இல்லை, உங்கட கடைப்பெடியன்ரதான் எண்டு சொன்னன். நம்பரைப் பாத்துட்டு, அவர் இப்ப இங்க வேலை செய்யிறதில்லை எண்டா. அடிச்சுப் பாத்தன், நம்பர் பாவனையில இல்லை. மேல்வீட்டு மாமிதான் சொன்னவ, அவன் கட்டாருக்குப் போயிட்டானாம், தங்கட ஏசியையும் அவன்தான் பூட்டினவனாம். அப்ப அவவின்ர ஏசியும் அவன்ர போனிலதான் பதிஞ்சு கிடக்கோ தெரியாது.

சரி, என்ர போனில ஆப்பை இறக்கிப் பாப்பமெண்டா, என்ர போன் லண்டன் நம்பர், நாடு பிரித்தானியா எண்டு போட்டா அம்மான்ர மொடலே லிஸ்டில இல்லை. இலங்கை எண்டு மாத்தினா ஓடிபி வர இலங்கை நம்பர் வேணும். அம்மான்ர நம்பரைக் குடுத்து, அந்தப் பட்டன் போனுக்கு வந்த ஓடிபியை அவ கண்ணாடி போட்டு ஒவ்வொரு இலக்கமா வாசிக்க, நான் அடிக்க, நேரம் முடிஞ்சுது எண்டு திருப்பி அனுப்ப, திருப்பி வாசிக்க. ஒருமாதிரி உள்ளுக்குப் போனா, வைஃபை பிடிக்கேல்லை. அம்மா வீட்டுக்கு இப்ப ஃபைபர் போட்டு ராவுட்டரும் புதுசு, அது 2.4, 5 ரெண்டு கிகாஹேர்ட்ஸையும் ஒரே பேரில தருது, இந்த மாதிரிச் சாமானுகளில கனக்க 2.4 மட்டும்தான் பிடிக்கும், அதால போன் 5 இல நிண்டா சிலநேரம் ரெண்டும் ஒண்டையொண்டு காணாது. அதையும் ராவுட்டருக்குள்ள போய்ப் பிரிச்சு வைச்சன். கடைசியா வந்த வசனம், இந்த மெஷின் வேறொரு கணக்கில பதியப்பட்டிருக்கு, உரிமையாளரிட்ட அனுமதி கேக்கவும் எண்டு. உரிமையாளர்! காசு கட்டினது அண்ணா, பில் அம்மான்ர பேரில, மெஷின் நிக்கிறது எங்கட குசினிக்குள்ள, உரிமையாளர் கட்டாரில.

பழைய பதிவை அழிக்கிறதுக்கு மெஷினில ரெண்டு பட்டனைச் சேத்து அமத்திப் பிடிக்கவேணுமாம். பட்டனெல்லாம் பூட்டிக் கிடக்கு. அண்ணாவை எழுப்புவமெண்டா ரொரன்ரோவில அப்ப விடியப்புறம் மூண்டு மணி, எழுப்பினாலும் அவர் என்ன செய்யிறது. கொழும்பு வெக்கைக்கு அடுத்தநாள் காலமை மெஷினுக்குள்ள இருந்து புளிச்ச மணம் வரத் தொடங்கீட்டுது. அம்மா வேற சீலை கட்டிக்கொண்டு வேல் பாக்க வந்தவ, வழியில எல்லாம் உள்ளுக்கிருக்கிற சீலையள் சாயம் பிடிச்சிருக்குமோ எண்டுதான் யோசனை.

லண்டனில எங்கட வீட்டு மெஷினிலயும் வைஃபை இருக்கு. நாங்கள் அதைக் கொழுவினதே இல்லை, கொழுவச் சொல்லி அது கேட்டதுமில்லை, முன்னால ஒரு குமிழ் இருக்கு, திருகினா ஓடும். அங்க 2021 ஜூலையில இருந்து வாஷிங் மெஷின் மாதிரிச் சாமானுகளுக்கு பாகங்கள் 7 முதல் 10 வருசம் வரைக்கும் கிடைக்கவேணுமெண்டு விதி இருக்கு. 2024 ஏப்ரல் 29இல இருந்து இன்ரநெட்டில கொழுவிற சாமான் விக்கிறவை எவ்வளவு காலத்துக்கு பாதுகாப்பு அப்டேட் குடுப்பினம் எண்டதைச் சொல்லித்தான் விக்கவேணும். அங்க எல்லாம் பொன்னெண்டு சொல்ல வரேல்லை, ஆனா வாங்கிற ஆளுக்கு ஒரு பிடி இருக்கு. அம்மா பாவிக்கிற மெஷினுக்கு அப்டேட் எவ்வளவு காலம் வருமெண்டு கடையில கேட்டன், கேள்வியே அவைக்கு விளங்கேல்லை.

இந்த மெஷினை யோசிச்சுச் செய்தவைக்கு கறண்ட் நிக்காத, வைஃபை விழாத, வீட்டில எல்லாரிட்டயும் ஸ்மார்ட் போன் இருக்கிற ஒரு வீடுதான் மனசில இருந்திருக்கு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்டை வெட்டின நாடு இது. போன வருசம், 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கறண்ட் போச்சுது, பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு பட்டதாலதான் எண்டு அமைச்சரே சொன்னவர், அதோட நுரைச்சோலை அனல்மின்நிலையமும் நிண்டதால பிறகும் சில நாள் ஒண்டரை மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவை. இஞ்ச கறண்ட் போறதும் வாறதும் எல்லாருக்கும் பழகின விசயம், சனம் அதுக்கேத்த மாதிரித்தான் சீவிக்குது. கறண்ட் போய் வந்தா என்ன செய்யவேணும் எண்டு தெரியாத மெஷினை இஞ்ச கொண்டந்து விக்கிறது எந்த விதத்தில நியாயம்?

கடையால ஆள் அனுப்ப மூண்டு நாலு நாள் எண்டவுடன மாமி தன்ர நோட்டுப்புத்தகத்தைத் தேடி ஒரு நம்பர் தந்தவ. மருதானைப் பக்கம் ரிப்பெயர் செய்யிற ஒரு நானா, பின்னேரமே ஒரு பழைய பேக்கோட வந்திட்டார். வந்து படத்தைப் பாக்கேல்லை, போனைக் கேக்கேல்லை, ஆப் எண்ட கதையே இல்லை. நேரா நிலத்தில குந்தி, மெஷின்ர கீழ்ப்பக்கத்தில இருக்கிற சின்ன மூடியைத் திறந்தார். அதுக்குள்ள ஒரு ஃபில்டர், பக்கத்தில விரல் மொத்தத்தில ஒரு குழாய். ஒரு தட்டை வைச்சுக் குழாயின்ர வாயைத் திறந்து தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வடியவிட்டார், நானும் மகனும் தட்டை மாத்தி மாத்தி வாளிக்குள்ள ஊத்தினம். தண்ணி முழுக்க வடிஞ்சாப் பிறகு உள்ளுக்குக் கையை விட்டு தோடம்பழக் கலரில ஒரு நாடாவை மெல்ல இழுத்தார். டக் எண்டு கதவு திறந்திட்டுது.

அவ்வளவுதான்! அது கனக்க முன்கதவு மெஷினுகளில அவசரத்துக்கு எண்டு வைச்சிருக்கிறதாம். எங்களுக்குத் தந்த புத்தகத்தில அது எங்கயோ பின்பக்கத்தில ஒரு சின்னப் படமா இருக்கு, முன்பக்கம் முழுக்க ஆப்பை எப்பிடி இறக்கிறது எண்டுதான். கடையில கதைச்ச அந்தப் பிள்ளைக்கும் ஒருத்தரும் அதைச் சொல்லிக் குடுக்கேல்லை.

"மெஷினுக்கு ஒண்டுமில்ல தங்கச்சி, நல்ல மோட்டர், இந்த போன் விளையாட்டுத்தான் கரைச்சல்" எண்டார் நானா. மாசத்துக்கு எத்தினையோ வீட்டில இதே கதையாம், பிள்ளையள் வெளிநாட்டில இருந்து வாங்கிக் குடுக்கிறது, வயசானவை தனிய நிண்டு பாடுபடுறது. வரண்டி எப்பிடியும் முடிஞ்சுது எண்டதால அவர் மேல் தட்டைக் கழட்டி வைஃபைக்குப் போற வயரை மட்டும் கழட்டி விட்டார். திரும்பப் போட்டா மெஷின் பட்டனுக்குக் கேக்குது, அந்தப் போன் படமும் இல்லை. 3500 ரூபா கேட்டார், அம்மா தேத்தண்ணியும் வடையும் குடுத்து 4000 குடுத்தவ. சீலையில ஒண்டு சாயம் பிடிச்சதுதான், மற்றதெல்லாத்தையும் அம்மா குந்தியிருந்து கையால அலம்பி எடுத்தவ.

அந்த வீட்டில கரைச்சல் மெஷினோட முடியேல்லை. அறையில புது ஃபேன், சுவரில ரெகுலேற்றர் இல்லை, ரிமோட் மட்டும்தான், ரிமோட் கட்டிலுக்குப் பின்னால விழுந்திட்டா இரவு முழுக்க ஒரே வேகம். ரிவியைப் போட்டா முதல்ல ஆர் பாக்கிறீங்கள் எண்டு கேக்குது, அம்மா சக்தி ரிவிக்குப் போறதுக்குள்ள செய்தி முடிஞ்சிடும். அதே குசினியில அவவின்ர பழைய ரைஸ் குக்கர் நிக்குது, ஒரு சுவிச். அடியில ஒரு காந்தம், தண்ணி இருக்கும் வரைக்கும் சூடு 100 பாகைக்கு மேல போகாது, தண்ணி வத்தினவுடன சூடு ஏற, காந்தத்தின்ர பிடி விட்டு சுவிச் டக் எண்டு மேல வரும். சோறு வெந்ததை அது தானாக் கண்டுபிடிக்குது, ஆற்றையும் நம்பரைக் கேக்காமல். இப்பிடி ஒண்டைச் செய்யத் தெரிஞ்ச உலகத்துக்கு ஒரு கதவைத் திறக்கிறதுக்கு ஓடிபி ஏன்?

ஊரில அம்மா அப்பாவுக்கு சாமான் வாங்கிக் குடுக்கிற ஆக்கள் தயவுசெய்து கடையில ரெண்டு விசயம் கேளுங்கோ. வைஃபையே கொழுவாமல் எல்லா வேலையும் முன்னாலயிருக்கிற பட்டனில செய்யலாமோ, கறண்ட் போய் வந்தா விட்ட இடத்தில இருந்து தொடங்குமோ. கேட்டுட்டு நம்பாதேங்கோ, கடையில வைச்சே பிளக்கைக் கழட்டிக் கொழுவிக் காட்டச் சொல்லுங்கோ. ஆப்பில பதியத்தான் வேணுமெண்டா வீட்டு ஆளின்ர நம்பரில பதியுங்கோ, பூட்ட வாற ஆக்களின்ர போனில வேண்டவே வேண்டாம். காலி வீதிக் கடையளில ட்வின் டப் இண்டைக்கும் விக்கினம், நானே போய்த் திருகிப் பாத்துட்டு வந்தனான், அதே குமிழ், அதே 15 நிமிசம்.

அண்ணா இப்ப ப்ரிட்ஜ் மாத்துவம் எண்டு நிக்கிறார், கதவில ஸ்க்ரீன் வைச்சது ஒண்டைப் பாத்து லிங்க் அனுப்பியிருக்கிறார். அம்மாட்டக் கேட்டன், ஐஸ் பெட்டியும் உள்ளுக்கு ஒரு லைட்டும் இருந்தாக் காணும் எண்டவ. அதை அப்பிடியே அண்ணாவுக்கு அனுப்பிவிட்டிருக்கிறன்.