பித்தப்பைக் கட்டி: முதல் ஸ்லைடு அறிக்கையா, மெழுகு பிளாக்கின் மறுபரிசோதனையா?

கல்லுக்காக அகற்றிய பித்தப்பையின் பயாப்சியில் ‘வகை தெளிவில்லாத, தீவிரமான புற்று’ என்று எழுதி வந்துவிட்டால், வீட்டார் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. அந்த அறிக்கையை வைத்தே மருந்தைத் தொடங்கலாம். அல்லது அதே திசுவை, செல்லின் புரதங்களில் சாயமேற்றி வகையை அறியும் இம்யூனோ பரிசோதனைக்கு அனுப்பி, வகை தெரிந்த பிறகு தொடங்கலாம். நாகர்கோவிலில் என் மைனிக்கு இந்த நிலை வந்தபோது இரண்டாவதையே தேர்ந்தோம்; என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

முதல் வழியில் செலவும் காத்திருப்பும் குறைவு. ஸ்லைடில் சுரப்பி வடிவம் தெளிவாகத் தெரியும் அடினோகார்சினோமா என்ற வழக்கமான புற்று வகைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஸ்கேன்களால் கட்டியின் அளவும் பரவலும் தெரியுமே தவிர, வகையை உறுதிப்படுத்த முடியாது.

சிக்கல் நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் நரம்புசார் செல்களின் இயல்புள்ள) வகையில்தான். இயல்பான பித்தப்பைச் சவ்வில் அந்த வகை செல்களே இல்லை என்பதால், அங்கே அப்படியொரு கட்டி வரும் என்று எளிதில் நினைக்கத் தோன்றாது. அதன் சிறுசெல் வடிவமோ வழக்கமான சாயத்தில் லிம்போமா (நிணநீர்ப் புற்று) போலவும் தோன்றக்கூடும். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்கள் ஏறினால் வகை புலப்படும். பெருகிக்கொண்டிருக்கும் செல்களைக் காட்டும் கி-67 சாயத்தின் சதவீதம் 3-க்குக் கீழா, 20-க்கு மேலா என்பது வேகத்தைக் காட்டும். வகை மாறினால் மருந்தும் மாறுகிறது: அடினோகார்சினோமாவுக்கு ஜெம்சிடபைனும் சிஸ்பிளாட்டினும் வழக்கம் என்றால், தீவிரமான நியூரோஎண்டோகிரைன் புற்றுக்கு எட்டோபோசைடும் சிஸ்பிளாட்டினும் தரப்படுகின்றன. மைனியின் முடிவு இந்த இரண்டாவது வகை என்று வந்ததால், காத்திருந்த நாட்களை நான் இழப்பாகக் கருதவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது திசு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. ஒவ்வொரு சாயத்துக்கும் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கிலிருந்து சில மைக்ரான் தடிமனில் புதிய சீவல் வேண்டும். ஊசியில் எடுத்த நூலளவு திசு சில சாயங்களிலேயே தீர்ந்துபோகலாம், அறுவையில் எடுத்த பித்தப்பையோ தாராளமாகக் கிடைக்கும். அதுவும் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் உடனே இடப்பட்டிருக்க வேண்டும். ‘வெறும் கல்தானே’ என்று பையைப் பரிசோதனைக்கே அனுப்பாத இடங்களில் இரண்டாவது வழி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிளாக் என்பது உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் உறைந்த மெழுகு. சட்டத்தின் ஓரத்தில் உள்ள எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பார்த்து வாங்க வேண்டும். மறுபரிசோதனைக்காகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனால் முதல் அறிக்கையின் நகலும் கையில் இருக்கட்டும். பிளாக்கை வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைத்துவிடக் கூடாது, மெழுகு இளகிவிடும்.

மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் வகைக்கு உதவும் டோட்டாடேட் பெட் ஸ்கேன் என்ற தனி ஸ்கேன் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே அதையும் இந்தத் தராசில் வைத்து நிறுக்க எனக்கு அனுபவம் போதாது.