காண்டசா அலாய் வீல் பெயிண்டிங்: சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் இந்த கடைல நம்ம அனுபவம்

4 ஸ்டார் குடுக்கறேன், அந்த ஒண்ணு ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன்.

வண்டி அப்பா 96ல எடுத்த காண்டசா கிளாசிக், இசுசு இன்ஜின். 2002லயே காண்டசாவ நிறுத்திட்டாங்க, அலாய் அப்பா அப்பவே வெளிய வாங்கிப் போட்டது, அந்த டிசைன் இப்ப எங்க தேடுனாலும் சிக்கல, ஒரு வீல் போச்சுன்னா நாலும் போன மாதிரிதான். அதனால புதுசு மாத்துங்கன்னு சொல்றவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு எடத்துல (பேர் வேண்டாம்) டயரக் கூட கழட்டாம பேப்பர் ஒட்டி சில்வர் அடிச்சுக் குடுத்தாங்க. வாங்குறப்ப பளபளன்னு இருந்துச்சு, ஆறே மாசத்துல அப்பளம் மாதிரி உரிய ஆரம்பிச்சுது. இந்த கடை மாஸ்டர் நகத்தால ஒரு கீறு கீறுனாரு, அப்படியே கையோட வந்துருச்சு. "சார் பிரைமரே போடல, அலுமினியம் மேல நேரா அடிச்சா நிக்காது"ன்னாரு. காத்து பட்டவுடனே அலுமினியத்து மேல ஒரு படலம் வந்துருமாம், அதத் தேய்ச்சு எடுத்து சூட்டோட சூடா எபாக்சி பிரைமர் அடிச்சாதான் பெயிண்ட் புடிக்கும்.

இங்க டயரக் கழட்டித்தான் வேலையவே ஆரம்பிச்சாங்க, அதுல இன்னொரு விஷயம் மாட்டுச்சு. முன் இடது வீல்ல வாராவாரம் காத்து இறங்கும், பஞ்சர் கடைல ரெண்டு தடவ வால்வ மாத்துனதுதான் மிச்சம். பாத்தா டயர் உக்கார்ற விளிம்பு பூரா வெள்ளையா உப்பு பூத்த மாதிரி அரிச்சுப் போயிருக்கு, அந்த சந்துலதான் காத்து போயிருக்கு. அத சுத்தமா தேச்சு எடுத்தாங்க, இப்ப மூணு மாசமா காத்து இறங்கல. எனக்கு பெயிண்ட விட இதுதான் பெரிய சந்தோஷம்.

பழைய பெயிண்ட ரிமூவர் போட்டு உரிச்சு, எமரி ஷீட் சொரசொரப்பான 80 நம்பர்ல ஆரம்பிச்சு நைசான 400 வரைக்கும் கையாலயே தேய்க்கறாங்க. நான் ஒரு தடவ டிவைடர்ல உரசி விளிம்புல சில்லு போனத ஆர்கான் வெல்டிங் வச்சு ரொப்பிட்டாங்க, சின்ன கீறலுக்கு மட்டும் பட்டி (பள்ளத்துல பூசி தேய்க்கிற பேஸ்ட்). ஸ்போக்ல கிராக் இருந்தா தொடவே மாட்டாராம், "எடைக்குப் போட்டுருங்க சார், உயிர் விஷயம்"னு கறாரா சொன்னாரு. பவுடர் கோட்டிங் கேட்டேன், அது 180, 200 டிகிரி அடுப்புல வேக வைக்கிறது, பட்டி பாத்த வீலுக்கு ஆகாதுன்னுட்டாரு. வேலைய இழுத்துப் போட்டுக்கணும்னு நெனச்சிருந்தா சரின்னு தலையாட்டியிருக்கலாம், ஆட்டல.

நட்டு உக்கார்ற குழிலயும் பின்னாடி ஹப்ல ஒட்டுற பரப்புலயும் டேப் ஒட்டிட்டுத்தான் அடிச்சாங்க. அங்க பெயிண்ட் இருந்தா ஓட ஓட நசுங்கி நட்டு லூஸ் ஆகும். வீடு ஏற்காடு, 20 ஹேர்பின் பெண்டும் நமக்கு தினசரி, பிரேக் சூட்டோட எறங்குற வண்டில நட்டு லூஸ்னா நெனச்சாலே வயித்தக் கலக்குது. 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப டைட் வைக்கச் சொன்னாங்க, வச்சப்ப ஒரு நட்டு லேசா சுத்துச்சு, மத்ததெல்லாம் அசையல.

இப்ப அந்த ஒரு ஸ்டார். நாலு நாள்னு சொல்லி பதினொரு நாள் ஆக்குனாங்க. தினம் சாயங்காலம் மழை, ஈரத்துல கிளியர் (கலருக்கு மேல கடைசியா அடிக்கிற நிறமில்லாத கோட்) அடிச்சா வெளுத்துப் போகும், அது நியாயம்தான், ஆனா போன எடுத்து அத ஒரு வார்த்த சொல்லலாம்ல? அதுக்காக மலைலருந்து ரெண்டு தடவ பஸ்ல எறங்கி, ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு சும்மா திரும்பி வந்தேன். பின் வலது வீல்ல கிளியர் ஒரு எடத்துல வடிஞ்சிருக்கு, குனிஞ்சு பாத்தாதான் தெரியும், எனக்கு நின்னாலே தெரியுது.

வீலுக்கு 2,200, வெல்டிங் தனியா 600, ஜிபே உண்டு. பேலன்சிங் வெளிய பண்ணுனா ஒட்டுற வெயிட் கேட்டு வாங்குங்க, சுத்தியல்ல அடிச்சு மாட்டுற கிளிப் வெயிட்டால எனக்கு ஒரு விளிம்புல புது பெயிண்ட் முதல் நாளே பேந்துருச்சு. அது இவங்க தப்பு இல்ல, இருந்தும் டச்சப் பண்ணிக் குடுத்து காசு வாங்கல.

ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய கோலத்துலயே கெடக்கு, மழை விட்டதும் கொண்டாங்கன்னாரு.